மேலே எரிந்தால் நில்

அக்டோபரில் ஸ்காட்ஸ்பிளஃப் முழுக்க
வெந்த பீட் கிழங்கின் நாற்றம்.
சலவைக்கடைக்கும் பீட்சாக்கடைக்கும் நடுவே
வரிசையாக நான்கு கண்ணாடிக் கதவுகள்.
அப்பாவின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு வறுவல் தின்றபடி
எந்தக் கதவு, எந்தக் கதவு என்று
நானும் நியேவெஸ் அரெயானோவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவளுக்குப் பதினெட்டு. எனக்கும்தான்,
ஆகி மூன்று வாரம்.

தரைப்படைக்காரர் ஆளுக்கொரு தண்ணீர் புட்டி கொடுத்தார்.
எஞ்சின் பிரித்திருக்கிறாயா என்றார்.
பீட் லாரி எஞ்சின் என்றேன்.
கை குலுக்கினார், விடவேயில்லை.

கடற்படை.
எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
ஏறக்குறைய ஆயிரம் மைல் தாண்டித்தான் உப்புத்தண்ணீர்.
ஆழம் தெரியாமல்தான் காலை விடப்போகிறேன் என்று சிரித்தாள்.

விமானப்படையின் கதவில் ஓர் அட்டை:
'பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்.'
நாற்பது நிமிடம் நின்றோம்.
இவ்வளவுதான் அவர்கள் வேகம் என்றால் நமக்கெதற்கு?

மரைன்காரர் ஒன்றுமே சொல்லவில்லை.
வாசலில் இருந்த இரும்புக் கம்பியைக் காட்டினார்.
நான் நான்கு முறை ஏறினேன்.
நியேவெஸ் ஏழு.

வீட்டில் அம்மா நான்கு துண்டுப் பிரசுரங்களையும்
சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கேட்டாள்:
"கோல்ட்டர், உனக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?"
"எல்லாம் ஒன்றுதான்" என்றேன்.
சொரணையில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.
நான் பார்த்ததைத்தான் சொன்னேன்.

டென்வரில் மருத்துவச் சோதனை.
உள்ளாடையோடு வாத்துநடை நடந்து முடித்த பிறகு
ஒரு புத்தகத்தை விரித்தார்கள்.
பக்கம் முழுக்கப் புள்ளிகள்.
முதல் பக்கத்தில் பன்னிரண்டு.
இரண்டாம் பக்கத்தில் புள்ளிகள்.
மூன்றாம் பக்கத்தில்
புள்ளிகள்.
"இன்னொரு முறை பார்."
யாரோ ஒரு பை பயறைத் தரையில் கொட்டிவிட்டு
இதில் எண் எங்கே என்று கேட்பதுபோலிருந்தது.

பேனா கீறக் கீற ஒவ்வொரு வரியாக அடிபட்டது.
கப்பலின் மேல்தளம் போயிற்று.
விமானத்தின் வயரிங் போயிற்று.
வெடிகுண்டு பிரிப்பது போயிற்று;
அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

"இத்தனை நாள் வண்டி எப்படி ஓட்டினாய்?"
மேலே எரிந்தால் நில்.
கீழே எரிந்தால் போ.
எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றிருந்தேன்.

திரும்பும் பேருந்தில் நியேவெஸ்
நெடுநேரம் ஜன்னலையே பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஆறாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.
குதிரைக்குப் பச்சை அடித்தாய்."
அப்போதுதான் நினைவு வந்தது.
ஓவிய வகுப்பில் நான் கேட்காமலே
என் முன்னால் உருண்டு வரும் கலர் பென்சில்கள்.
ஒவ்வொன்றும் சரியான பென்சில்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது.
ஸ்டெர்லிங் தாண்டியதும் தூங்கிப்போனேன்,
அவள் தோளில் எச்சில் ஒழுக.

ஜூனில் அவள் கடலுக்குப் போனாள்.
நான் முதல் கதவிலேயே கையெழுத்துப் போட்டேன்.
டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை.
எண்ணெய் கறுப்பு, துணி அழுக்கு,
அங்கே எனக்குக் குழப்பமில்லை.

நள்ளிரவில் அவளிடமிருந்து ஒரு செய்தி:
'எதிரே ஒரு கப்பல் வருகிறது.
அதன் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை.
உனக்காகச் சொல்லி வைக்கிறேன்.'
மிசோரியில், கொசுவலைக்குள்,
கடலே இல்லாத இருட்டில்
நான் இடமும் வலமும் பார்த்தேன்.

அம்மாவின் கடிதத்தில் கடைசி வரி:
'என்ன நிறத்தில் கொடுத்தார்கள்?'
சட்டையைத் தூக்கிக் காட்டிப்
பக்கத்துக் கட்டில்காரனைக் கேட்டேன்.
பச்சை என்றான்.
எதிர்க்கட்டில்காரன் இல்லை, பழுப்பு என்றான்.
விளக்கணைக்கும்வரை சண்டை போட்டார்கள்.

இரண்டையும் எழுதி அனுப்பினேன்.